ஒரே தொட்டியில் பல இன மீன்கள்: நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பாருங்கள்

வீட்டு மீன் தொட்டியில் எந்தெந்த மீன்களை ஒன்றாக வளர்க்கலாம், எவற்றைச் சேர்க்கக் கூடாது, தொட்டியை எவ்வாறு தயார் செய்ய வேண்டும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

கொல்கத்தாவின் காலிஃப் தெரு, மும்பையின் குர்லா, சென்னையின் கொளத்தூர் என நாட்டின் எந்த அலங்கார மீன் சந்தைக்குச் சென்றாலும், வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த மீன்கள் அருகருகே விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பிடித்த நிறத்தில் இனத்துக்கு இரண்டாக வாங்கி ஒரே தொட்டியில் விடுவதே புதிதாக மீன் வளர்ப்போரின் வழக்கம். சில வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கும்போது, விற்றவர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்று கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் பொருத்தமற்ற நீர், பொருந்தாத துணை, தயாராகாத தொட்டி ஆகிய மூன்றே.

நீரே முதல் பொருத்தம்

கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி ஈனும் மீன்கள் தாது உப்புகள் நிறைந்த கடின நீரை விரும்புபவை. பி.எச். அளவு 7 முதல் 8 வரை இருந்தால் இவை செழித்து வளரும். அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட நியான் டெட்ராவுக்கோ, சற்றே அமிலத்தன்மை கொண்ட மென்னீர் தேவை. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால், ஏதேனும் ஓர் இனம் எப்போதும் நலிந்தே இருக்கும்.

எனவே வீட்டுக்கு வரும் நீரை அறிந்துகொண்டு, அதற்கேற்ற மீன்களைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைச் சேமிக்கும் ஏரிகளிலிருந்து மும்பைக்கு வரும் குழாய் நீர் பொதுவாக மென்மையானது. பல நகரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரில் தாது உப்புகள் மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் அப்படியே பயன்படுத்துதல் நல்லதன்று.

வெப்பநிலையும் முக்கியமானது. வெப்பமண்டலச் சிறு மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. டெல்லி, லக்னோ போன்ற வட இந்திய நகரங்களின் குளிர்காலத்தில் ஹீட்டர் இன்றி இதைப் பேண இயலாது. குளிர்ந்த நீரை விரும்பும் தங்க மீனை டெட்ராக்களுடன் சேர்க்கக் கூடாது. அது 15 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, கழிவை மிகுதியாக வெளியேற்றும். வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களை விழுங்கவும் செய்யும்.

எவை எவற்றுடன் சேரா?

மீனின் இயல்பு அதன் அளவைக் கொண்டு அமைவதில்லை. டைகர் பார்ப் மீன்கள் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும் பழக்கம் உடையவை என்பதால் கப்பி, ஏஞ்சல் மீன்களுடன் அவற்றை வளர்க்க இயலாது. இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்கள் ஒரே தொட்டியில் இருந்தால் சண்டையிட்டு மடியும். குட்டியாக இருக்கும்போது அமைதியாகத் திரியும் ஏஞ்சல், வளர்ந்தபின் நியான் டெட்ராவை இரையாக்கிக் கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் மலபார் பேத்தை மீன் சுமார் 3 செ.மீ. நீளமே கொண்டது, எனினும் பிற மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறக்கூடியது. அதற்குத் தனித் தொட்டியே ஏற்றது.

டெட்ரா, ஜீப்ரா, கோரிடோரஸ் போன்றவை கூட்டமாக வாழ்பவை. இவற்றை இரண்டு இரண்டாக வாங்கினால் அச்சத்தால் ஒளிந்துகொண்டு உணவையும் தவிர்க்கும். சில இனங்கள் பிற மீன்களைத் துரத்தவும் தொடங்கும். ஓர் இனத்தில் குறைந்தது ஆறு மீன்கள் இருத்தல் அவசியம். ஆறு இனங்களில் இரண்டு மீன்கள் வாங்குவதை விட, இரண்டு இனங்களில் ஆறு மீன்கள் வாங்குவதே நன்று.

மீன்களுக்கு முன் பாக்டீரியா

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. மிகச் சிறிய அளவிலும் அது செவுள்களைச் சிதைக்கும் நஞ்சாகும். வடிகட்டியில் வளரும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு பாக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்தச் சுழற்சி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் மட்டும் தொட்டி தயாராகிவிட்டது என்று கொள்ள முடியாது. கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். பி.எச். அளவும் வெப்பமும் உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும் என்பதால், கடின நீர்த் தொட்டிகளில் கோடைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவுவது பரவலான தவறு. குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலச வேண்டும். வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீத நீரை மாற்றினால் போதும். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். குளோரமைன் கலந்த நீராயின் குளோரின் நீக்கும் மருந்து தேவைப்படும்.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு கணக்கு

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி, விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர் கொள்ளும். மென்னீர் உள்ள இடங்களில் நியான் டெட்ரா 8, அடித்தளத்துக்குக் கோரிடோரஸ் 6, தேன் கௌராமி ஓர் இணை என அதில் வளர்க்கலாம். கடின நீர் எனில் ஆண் கப்பி 6, பிளாட்டி 4 போதுமானவை. ஆண் கப்பிகளை மட்டும் வாங்கினால் கப்பிக் குஞ்சுகள் பெருகித் தொட்டி நிரம்பும் சிக்கல் எழாது. அனைத்தையும் ஒரே நாளில் விடாமல், இனம் இனமாகச் சில வார இடைவெளியில் சேர்க்க வேண்டும். புதிய மீன்களை 2 முதல் 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்தால், வெண்புள்ளி போன்ற நோய்கள் பரவுவதைத் தடுக்கலாம்.

இந்திய நதிகளின் மீன்கள்

உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஜீப்ரா மீன், தேன் கௌராமி ஆகிய இரண்டும் கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளைச் சேர்ந்தவை. 1822-ஆம் ஆண்டு வெளியான கங்கை மீன்கள் குறித்த நூலில் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் இவ்விரண்டையும் முதன்முதலாக விவரித்தார். ஜீப்ரா பலவகை நீருக்கும் ஈடுகொடுப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது.

'மிஸ் கேரளா' என்றழைக்கப்படும் டெனிசன் பார்ப், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம். அது இன்று அழியும் நிலையில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, கூட்டமாக ஓடும் நீரில் நீந்தும் இம்மீனுக்குச் சிறு தொட்டி பொருந்தாது. வாங்க விரும்புவோர், அது பண்ணையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும்.

வேண்டாத மீனை ஏரியில் விடலாமா?

கூடாது. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 40 செ.மீ. வரை வளரும் இம்மீன், தொட்டிகளிலிருந்து வெளியேறி இன்று நாட்டின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகியுள்ளது. முட்கள் நிறைந்த அதன் உடல் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது; சந்தையில் அதற்கு விலையும் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஸ்ரீநகரின் தால் ஏரியில் வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் மீன் பிடிபட்டது கவனம் பெற்றது. வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலேயே ஒப்படைப்பது அல்லது மீன் வளர்க்கும் வேறொருவரிடம் கொடுப்பதே முறையாகும்.