மண் கண்ட காலம் – 9: பாக் நீரிணை தரையாகக் கிடந்தபோது

புதுக்கோட்டை மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பவர், பூமி மாறிவந்த கதையின் மூன்று கட்டங்களைக் கடக்கிறார்.

விஜயாலய சோழீஸ்வரம் நிற்கும் நார்த்தாமலையின் பாறை, பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். மேலிருந்ததையெல்லாம் மழையும் காற்றும் அரித்துத் தீர்த்த பிறகே அது வெளியே தெரிந்தது.

ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் தரை சிவந்துவிடும். ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணற்கல்லின் மேல் செம்புராங்கல் படர்ந்திருக்கிறது. வெட்டும்போது இளக்கமாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிக் கட்டடக் கல்லாகிவிடும். உடைத்துப் பார்த்தால் புழு அரித்தது போன்ற துளைகள், துருவின் நிறம். அடைமழையும் கடும் வெயிலும் மாறிமாறி வந்த காலத்தில் சிலிக்கா கரைந்து வெளியேற, இரும்பும் அலுமினியமும் தங்கிப்போய் உண்டான கல் இது. கண்மாய் நிறைய வானத்தைப் பார்த்திருக்கும் இந்தச் சீமையில் ஒருகாலத்தில் கொட்டிய மழைக்கு இதுவே சாட்சி.

இன்னும் கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இங்கிருந்து விசைப்படகுகள் போகும் பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனி உறைந்து கிடந்தது. அத்தனையும் கடலிலிருந்து போன நீர். அதனால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நேர்ந்த சிறு மாற்றங்கள் பனியை உருகத் தூண்டின. கடல் ஏறியது, தரை மூழ்கியது.

‘பருவநிலை எப்போதும் மாறுவதுதானே’ என்று இதைக் காட்டி ஆறுதல் தேடுவோர் உண்டு. மாறுவது உண்மை. ஆனால் அந்தப் பனியுகம் முடிந்தபோது காற்றிலிருந்த கரியமில வாயு, பத்து லட்சத்தில் சுமார் 190 பங்கிலிருந்து 280-ஐ எட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. தொழிற்புரட்சிக்குப் பின் 300 ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்தே அதை 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். அன்று கடல் ஏறியபோது, வேட்டையாடித் திரிந்தவர்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். இன்று இந்த வாயு பூமியைச் சூடாக்கிக் கடலை மீண்டும் ஏற்றும்போது, கரையோரம் வீடும் பள்ளிக்கூடமும் படகுத்துறையும் வைத்திருக்கும் மீனவர் எங்கே நகர்வது?

பனியுகம் முடிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. இந்த மாற்றத்துக்கு மனிதர்களாகிய நாமே பொறுப்பு. ஆகவே இதைத் தணிக்கும் கடமையும் நம்முடையதே.

(தொடரும்)