ஒப்புநோக்கிச் சோதித்தல்: வாக்கியமும் மென்பொருளும்

ஒரு கணிப்பின் விடை சரியானதென்பதை எவ்வாறு அறிவது? முன்னரே சரியெனக் கண்ட விடையைக் கோப்பொன்றிற் சேமித்து, புதிய விடையை அதனோடு ஒப்பிடுவது இன்றைய மென்பொருளாளர் கையாளும் வழிகளுள் ஒன்றாகும். ஆயின் இச்சிந்தனை கணனியோடு பிறந்ததன்று.

தென்னாட்டுக் கணிதர் சந்திரனின் நிலையை நாள்தோறும் அடியிலிருந்து கணித்தாரல்லர். வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்களை மனனஞ் செய்திருந்தனர். எழுத்துகள் எண்களைக் குறிக்கும் இவ்வாக்கியங்களுள் முதலாவது 12 பாகை 3 கலையையும், இறுதியானது 27 பாகை 44 கலையையும் தரும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் கணிப்புக் கெடும். அதனைக் கண்டறியவும் வழியிருந்தது. தொடக்கத்திலிருந்து எண்ணிய ஒரு வாக்கியத்தையும், 248இலிருந்து அவ்வெண்ணைக் கழித்துவரும் வாக்கியத்தையும் கூட்டினால் இறுதி வாக்கியத்தின் அளவு வரல் வேண்டும். ஆகவே 247ஆம் வாக்கியம் 15 பாகை 41 கலையை ஒட்டியே அமைதல் வேண்டும்.

எனினும் ஏடு பிழையற்றிருப்பது வேறு. வானோடு பொருந்துவது வேறு. 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணமொன்றைக் கணித்தமையை ஜோன் வாரன் பதிவு செய்துள்ளார். தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடுப்பொழுது 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. இவருக்கு நெடுங்காலம் முன்னரே, கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நோக்கி, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் நூலின்வழி கணிப்பின் அடிப்படை அளவுகளையே திருத்தியிருந்தார். காட்சியோடு பொருந்துங் கணிதம் என்பதே அப்பெயரின் பொருள்.

1984இல் டொனால்ட் நூத், 'டெக்' என்னும் தமது அச்சுக்கோப்பு மென்பொருளுக்குச் சோதனையொன்றை வெளியிட்டார். எவரும் இயல்பாக எழுதாத சிக்கலான உள்ளீட்டை வேண்டுமென்றே அமைத்து, அதன் விளைவையும் உடன் தந்தார். வேறு கணனிகளுக்காக ஆக்கப்படுவது அவ்விளைவோடு ஒத்தாலன்றி 'டெக்' எனும் பெயரைத் தாங்கலாகாது. இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. வேறுபாடு தோன்றும்போது காரணம் ஆராயாது புதிய விடையையே மாதிரியாகச் சேமிப்பின், பிழையே அளவுகோலாகி விடும். காரணம் ஆராயாது பழைய மாதிரியையே பற்றி நிற்பினும் விளைவு அதுவேயாம்.

மட்டக்களப்புப் பகுதியில் இவ்வினா இன்றும் உயிரோடுள்ளது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஈழத்தில் அருகருகே வழங்குகின்றன. விரத நாள்கள் சிலபோது வேறுபடுகின்றன. ஓட்டமாவடி முஸ்லிம்களோ பிறை தென்பட்ட செய்தியறிந்தே நோன்பைத் தொடங்குகின்றனர். சேமித்த விடை சிறந்த சாட்சி. அது நீதிபதியன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.