ஜீரண ஹார்மோன்களின் சிதைவு

இரைப்பை தக்க சமயத்தில் அமிலத்தைச் சுரக்கவும் தக்க சமயத்தில் அடங்கவும் காரணமான ஹார்மோன்கள், தம் காரியம் முடிந்ததும் என்சைம்களால் துண்டிக்கப்பட்டுச் சக்தியிழக்கும் கிரியையே ஜீரண ஹார்மோன்களின் சிதைவு எனப்படும். போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் பெண்ணொருத்தி நடுப்பகலில் தூக்குவாளியைத் திறந்து சோற்றையும் பருப்புக் குழம்பையும் கருவாட்டையும் உண்கையில், அவ்வுணவிலுள்ள புரதம் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஜி செல்களைத் தூண்ட, அவை காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது உடலைச் சுற்றி இரைப்பைக்கே திரும்பி வந்து, அங்கே அமிலச் சுரப்பைப் பெருக்குகிறது. அவள் மறுபடியும் குனிந்து காய் எடுக்கத் தொடங்கிய பின்னரும் காஸ்ட்ரின் குறையாமல் நிற்குமானால் விளைவு கொடிதாகும். காஸ்ட்ரினை ஓயாமல் சுரக்கும் கட்டியால் புண் மேல் புண் தோன்றும் வியாதியை 1955-இல் ஜாலிங்கரும் எல்லிசனும் விவரித்தது இதற்குப் போதிய சாட்சியாகும்.

ஹார்மோன்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவை எவ்வாறு மறைகின்றன என்று கேட்க நெடுங்காலம் தாமதித்தனர். 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரெட்டின் என்னும் ஜீரண ஹார்மோனைக் கண்டனர். 1905-இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற பெயரை வழங்கினார். அதே ஆண்டில் எட்கின்ஸ் காஸ்ட்ரின் இருப்பதாக அறிவித்தார். ஆயினும் இரைப்பைச் சவ்வில் அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளும் இருப்பது தெரிந்தபோது, எட்கின்ஸ் கண்டது அதுவே என்று பலர் எண்ண, அவருடைய கண்டுபிடிப்பு பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. ஹிஸ்டமின் கலவாத சாற்றைக் கொண்டு 1938-இல் கோமரோவ் அவர் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டினார். 1964-இல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைத் தூய நிலையில் பிரித்தெடுக்கவே, அது பதினேழு அமினோ அமிலங்களாலான சங்கிலி என்பதும், அதன் சக்தி வால்முனையிலுள்ள நான்கு கண்ணிகளில் அடங்கியுள்ளது என்பதும் தெளிவாயின.

சிதைவின் சரித்திரமோ இரைப்பையில் தொடங்கவில்லை. 1974-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கெர், கென்னி ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து துத்தநாகத்தைக் கொண்ட ஒரு என்சைமைப் பிரித்தனர். மூளையில் என்கெபலின் என்னும் பொருளைச் சிதைப்பதும் இதுவே என்பது பின்னர் விளங்கியது. இன்று நெப்ரிலைசின் என்று வழங்கும் இவ்வென்சைம் செல்லின் உள்ளே ஒளிந்திராமல், செல்லுறையில் வேரூன்றி, வெட்டும் முனையை வெளிப்புறம் நீட்டி நிற்பதால், செல்லைச் சூழ்ந்த திரவத்தில் மிதந்து வரும் சிறு புரதத் துணுக்குகள் அதற்கு இரையாகின்றன. பன்றியின் இரைப்பையிலிருந்து இதைப் பெற்று ஆராய்ந்த பன்னட், வால்ஷ், டர்னர் முதலியோர், இது காஸ்ட்ரினையும் கோலிசிஸ்டோகைனின் என்னும் மற்றொரு ஜீரண ஹார்மோனையும் துண்டிப்பதை 1988-இல் வெளியிட்டனர். வெட்டப்படும் இடங்களுள் ஒன்று வால்முனையின் கடைசி இணைப்பு என்பதுதான் இங்கு மிக முக்கியமானது. சங்கிலி ஏறக்குறைய முழுமையாகவே எஞ்சியிருந்தும், அந்த ஒரு கண்ணி போனதும் ஹார்மோன் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து காஸ்ட்ரினை நீக்குவதில் சிறுநீரகத்திற்கும் பெரும் பங்குண்டு. சிறுநீரகம் பழுதுற்றோரின் ரத்தத்தில் காஸ்ட்ரின் மிகுந்து காணப்படுவது அதனாலேயே.

சிதைக்கும் என்சைமைத் தடுத்தால் ஹார்மோனின் ஆயுளை நீட்டலாமே என்ற எண்ணம் வைத்தியத்திலும் புகுந்தது. குடலில் நெப்ரிலைசினைத் தடுத்து, என்கெபலினை நிலைக்கச் செய்து, நீர் வெளியேறுவதைக் குறைக்கும் நோக்குடன் ரேசகடோட்ரில் என்ற மருந்து வயிற்றுப்போக்கிற்கு வழங்கப்பட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் முதலியோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இதனைப் பரிசோதித்து, நோயின் கால அளவையோ வெளியேறும் மலத்தின் அளவையோ அது குறைக்கவில்லை என்று 2016-இல் அறிவித்தனர். பிற நாடுகளில் நற்பலன் கூறப்பட்ட ஒரு மருந்தை நம் குழந்தைகளிடத்தே சோதித்து, கிடைத்த விடையை மறைக்காது உரைத்த இவ்வாராய்ச்சி பெரிதும் போற்றத்தக்கது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குழந்தைக்கு விடாது புகட்டுவதே அந்நோய்க்கு இன்றும் முதற் சிகிச்சையாகும்.