சாப்பா

கொச்சியின் மட்டாஞ்சேரித் துறையில் ஒரு காலத்தில் அன்றைய வேலைக்கு அத்தாட்சி ஓர் உலோக வில்லை. பெயர் சாப்பா. அது கையில் இருந்தால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கலாம்; இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்து நடக்கலாம்.

வில்லை மூப்பன் கையிலிருந்து கிளம்பும். மூப்பன் என்றால் குத்தகைக்காரரின் ஆள். காலையில் துறை வாசலில் தேவைக்கு மேல் ஆட்கள் நிற்பார்கள். அவர் முகம் பார்த்துக் கொடுப்பதில்லை, கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவார். தரையில் விழுந்த வில்லையின் மேல் ஆட்கள் விழுவார்கள். கீழே கிடப்பவன் விரலை மேலே நிற்பவன் மிதிப்பான். மிதிப்பவன் நேற்று பக்கத்தில் மூட்டை தூக்கியவனாகவும் இருப்பான். பொழுது விடிவதற்குள், இன்றைக்குத் தாக்குப்பிடிப்போமா என்ற கவலை முழங்கை இடியாகிவிடும்.

இத்தனைக்கும் துறைமுகம் செழித்துக்கொண்டிருந்த காலம். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்தது. ஆனால் கப்பல் என்றைக்கு வரும், எத்தனை பேர் வேண்டும் என்பது மட்டும் நிச்சயமில்லை. கப்பல் வராத நாளுக்கு யாராவது நஷ்டப்பட்டாக வேண்டும். அதைத் தொழிலாளி தலையில் கட்டும் உபாயம்தான் சாப்பா. மூப்பனின் குரூரம் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. கணக்கு அவருக்கும் மேலே போடப்பட்டது.

உலோகத் துண்டு நம்மவர்களுக்கும் பழக்கமானதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போன தமிழர்களுக்குத் தகர வில்லை தரப்பட்டது. அங்கே ஆள் ஓடிவிடுவான் என்ற பயம், அதனால் முன்பணக் கடனில் கட்டிப்போட்டார்கள். மட்டாஞ்சேரியில் அந்தப் பயமே இல்லை. ஒருவன் போனால் வாசலில் பத்துப் பேர். லண்டன் துறையிலும் இதே நெரிசல்தான். 1889இல் அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்கள், மணிக்கு ஆறு பென்ஸ் கூலியோடு, கூப்பிட்டால் குறைந்தது 4 மணி நேர வேலையாவது தரவேண்டும் என்றும் கேட்டார்கள்.

கொச்சியில் சாப்பாவை யார் கொடுப்பது என்பதே சங்கங்களுக்கிடையே சண்டையானது. 1953 செப்டம்பர் 15 அன்று, போராடிய தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. செய்து, செய்தாலவி, ஆன்டனி மூவரும் அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக நினைவுகூரப்படுகிறார்கள். கே.எம். சிதம்பரனின் ‘துறமுகம்’ நாடகம் இதிலிருந்து பிறந்தது. அதையே ராஜீவ் ரவி படமாக்கினார், 2023இல் திரைக்கு வந்தது.

அத்தனை ரத்தத்துக்குப் பிறகும் வில்லை உடனே ஓயவில்லை. 1962 வரை கைமாறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு பெயர்ப் பதிவு, முறைவைத்து வேலை என்ற ஏற்பாடு நிலைத்தது. சும்மா இருக்கும் நாளின் செலவில் முதலாளிக்கும் பங்கு வந்ததும், ஆட்கள் அதிகம் என்ற பேச்சு கிளம்பியது. 2011இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது; அங்கே பெட்டிகளை ராட்சத கிரேன்கள் தூக்குகின்றன.