சிங்கோனாப் பட்டையும் கேகாலைக் காய்ச்சலும்



காய்ச்சல் கண்டால் கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவித்துக் குடிப்பது சப்ரகமுவத் தோட்டங்களில் இன்றும் உள்ள வழக்கமாகும். நாட்டு மருந்தா, இங்கிலீசு மருந்தா என்ற விவாதமும் கூடவே எழும். அதில் இறங்குமுன் 1934 ஆம் ஆண்டின் கேகாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. மா ஓயா முதலான ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அவற்றில் நுளம்புகள் பெருகின. மலேரியாவுடன் பழகியிராத ஈரவலய மக்களின் உடலில் அதனை எதிர்க்கும் வலிமை இருக்கவில்லை. 1935 இல் கொள்ளைநோய் தணிவதற்குள் இலங்கையில் சுமார் 80,000 பேர் மரணித்தனர். மிகக் கொடிய இழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று.

நோயைத் தணிக்க வல்லதாக அன்று இருந்தது கொயினா. அந்நிய மருந்தென்று அதனை ஒதுக்கியோரும் உண்டு. ஆனால் அதுவும் ஒரு மரப்பட்டையின் சாரமே! தென் அமெரிக்க மலைவாசிகளின் சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820 இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். அதன் பின்னரே இத்தனை நிறைக்கு இத்தனை பலன் என்று அளந்து கொடுக்க முடிந்தது. நம் நாட்டில் ஹக்கலைத் தோட்டம் 1861 இல் அமைக்கப்பட்டதும் சிங்கோனாவுக்காகவே. கோப்பி அழிந்தபின் தோட்டங்களில் நின்ற அம்மரம், ஜாவாவின் போட்டியால் விலை சரியவே, தேயிலைக்கு இடம் விட்டது.

ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டியது கீழையா மேலையா என்பதையன்று. சோதிக்கப்பட்டதா இல்லையா என்பதையே. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தமது மருத்துவ நூலில் மருந்தைச் சோதிப்பதற்கான நிபந்தனைகளை வகுத்துரைத்தார். யூனானியைத் தம் வைத்தியமென்று பெருமை பேசுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கொயினாவும் தனித்துப் போதவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் மக்கள் பட்டினியில் நலிந்திருந்தனர். சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மருந்தோடு உணவும் சுமந்து சென்றனர். மாமைட்டைக் குளிகைகளாக உருட்டிக் கொடுத்தனர். உருவில் நாட்டு மருந்து, உள்ளே ஊட்டச்சத்து! கேகாலைப் பகுதியில் பணியாற்றிய கலாநிதி என்.எம். பெரேராவைப் 'பருப்பு மாத்தையா' என்றே மக்கள் அழைத்தனர். 1936 இல் ருவன்வெல்லை அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது.

மலேரியா ஒழிந்த நாடென இலங்கைக்கு 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் இரத்தினபுரியின் வயல்களிலும் மாணிக்கக் குழிகளிலும் எலிக்காய்ச்சல் இருக்கின்றது. தாமதித்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். கொத்தமல்லி குடியுங்கள், தடையில்லை. ஆனால் காய்ச்சலை வீட்டில் வைத்துக்கொண்டு நாள் கடத்தாது இரத்தத்தைச் சோதியுங்கள். சேற்றில் இறங்குவோருக்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் இலவசமாகவே கிடைக்கும்.