வல்லமையை மறைத்து வாய்ப்புத் தேடும் நடிகர்: 'வொண்டர் மேன்' தொடர் சொல்வது என்ன?

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் தயாரித்த 'வொண்டர் மேன்' தொடரின் எட்டுப் பகுதிகளும், 2026 ஜனவரி 27 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டன. இந்தியாவில் ஜியோஹாட்ஸ்டார் வழியாக இத்தொடரைக் காணலாம். சூப்பர் ஹீரோ தொடர் என்று வகைப்படுத்தப்பட்டாலும், உலகைக் காக்கும் பெரும்போர் எதுவும் இதன் மையத்தில் இல்லை. ஹாலிவுட்டில் வேடம் கிடைக்காமல் அலையும் ஒரு நடிகரின் பிழைப்பே இதன் கதை.

அந்த நடிகர் சைமன் வில்லியம்ஸ். தொடரின் தொடக்கத்தில் கிடைத்த சிறு வேடத்தையும், அப்பாத்திரத்தின் பின்னணி குறித்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டே இழந்துவிடுகிறார். சிறுவயதில் அவர் விரும்பிப் பார்த்த பழைய சூப்பர் ஹீரோ படம் ஒன்று மீண்டும் எடுக்கப்படுவதை அறிந்து, அதன் நாயக வேடத்துக்கான நடிப்புத் தேர்வில் பங்கேற்கிறார். ஆனால், அவருக்கு உண்மையிலேயே அதீத ஆற்றல் உண்டு. உணர்ச்சி கட்டுமீறும்போது அது வெடித்து வெளிப்படும். உணர்ச்சியை அடக்காமல் வெளிக்கொணர்வதுதான் நடிகரின் தொழில். அடக்காவிட்டால் தொழிலே போய்விடும் என்பதுதான் சைமனின் நெருக்கடி.

ஏன் போய்விடும் என்பதற்கு நான்காவது பகுதி விடை தருகிறது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்பகுதியைத் தனிக் குறும்படமாகவே பார்க்கலாம். தொடரின் மிகச் சிறந்த பகுதியும் இதுவே. இரவு விடுதி ஒன்றின் வாயிற்காவலருக்கு, தம் உடலையே கதவாக்கிப் பிறரைக் கடந்துபோகச் செய்யும் ஆற்றல் வாய்க்கிறது. நடிகர் ஜோஷ் கேட், அவராகவே இதில் தோன்றி, அக்காவலரைத் திரையுலகுக்கு அழைத்துச் செல்கிறார். புகழும் பணமும் வருகின்றன. பின்னர் ஒரு படப்பிடிப்பில், அந்த உடலுக்குள் நுழைந்த ஜோஷ் கேட் வெளியே வரவேயில்லை. இதையடுத்து, அதீத ஆற்றல் கொண்டவர்களைப் படப்பிடிப்பில் அனுமதிக்கக் கூடாது என்ற 'டோர்மேன் விதி' ஹாலிவுட்டில் நடைமுறைக்கு வருகிறது. திரையில் சூப்பர் ஹீரோவாக நடிக்க வேண்டுமெனில், தாம் சூப்பர் ஹீரோ அல்ல என்று சைமன் நம்பவைக்க வேண்டியுள்ளது.

அந்த விதி கற்பனையே. ஆயினும், தொழில் நிபந்தனைகளும் படப்பிடிப்புத் தளப் பாதுகாப்பும் இத்தொடரின் தயாரிப்பிலேயே உண்மையாகக் குறுக்கிட்டன. 2023ஆம் ஆண்டில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்களும், நடிகர்கள் 118 நாட்களும் நடத்திய வேலைநிறுத்தங்களால் படப்பிடிப்பு தடைபட்டது. செயற்கை நுண்ணறிவின் மூலம் நடிகர்களின் உருவத்தையும் குரலையும் நகலெடுப்பதற்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பது நடிகர்களின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். 2024 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இத்தொடருக்கான படப்பிடிப்புத் தளத்தில் உயரத்திலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அப்போது படப்பிடிப்பு நடைபெறவில்லை.

கதையில் சைமனுக்குத் துணையாக வருபவர் டிரெவர் ஸ்லாட்டரி என்னும் முதிய நடிகர். 'மிட்நைட் கவ்பாய்' (1969) படம் ஓடும் திரையரங்கில் இருவரும் சந்திக்கின்றனர். டிரெவரின் நட்பு முதலில் உண்மையானதல்ல. அதீத ஆற்றல் உள்ளவர்களைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கு அவர் உளவு சொல்பவர். எனினும், இருவரும் வசனம் ஒப்பித்துப் பழகும் காட்சிகளில் அந்த நட்பு மெல்ல மெய்யாகிவிடுகிறது. ஆற்றலைக் காட்டும் காட்சிகளைவிட இவையே தொடரைத் தாங்கி நிற்கின்றன.

டிரெவராக நடித்திருப்பவர் பென் கிங்ஸ்லி. கிருஷ்ண பண்டிட் பாஞ்ஜி என்னும் இயற்பெயர் கொண்ட இவர், குஜராத் வம்சாவளியைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்தவர். 'காந்தி' (1982) படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்றவர். 'அயர்ன் மேன் 3' (2013) படத்தில் கொடிய பயங்கரவாதியாகத் தோன்றி, பின்னர் கூலிக்கு நடித்தவர் என்று அம்பலப்படுபவர்தான் இந்த டிரெவர். சைமனாக நடித்த யாஹ்யா அப்துல்-மத்தீன், நடிப்புக்கு வருமுன் நகரத் திட்டமிடல் பணியில் இருந்தவர். 'வாட்ச்மென்' தொடருக்காக 2020இல் எம்மி விருது வென்றார். டெஸ்டின் டேனியல் கிரெட்டனும் ஆண்ட்ரூ கெஸ்ட்டும் இணைந்து இத்தொடரை உருவாக்கினர்.

காமிக்ஸ் உலகில் வொண்டர் மேனுக்கு வயது அறுபதுக்கும் மேல். 1964இல் 'அவெஞ்சர்ஸ்' ஒன்பதாவது இதழில் அறிமுகமாகி, அதே இதழிலேயே இறந்துபோனார். 'வொண்டர் வுமன்' பாத்திரத்தை வெளியிட்டுவந்த டி.சி. நிறுவனம் பெயரை ஆட்சேபித்ததால் அவரைத் தொடரவில்லை என்றும், மார்வெலின் 'பவர் மேன்' இருக்கும்போதே டி.சி. 'பவர் கேர்ள்' என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்ததாகவும் எழுத்தாளர் ஸ்டான் லீ பிற்காலத்தில் கூறியிருந்தார். 1976இல் மீண்டும் உயிர்பெற்ற சைமன், பின்னாளில் காமிக்ஸிலும் ஹாலிவுட் நடிகரானார்.

தனித்து நிற்கும் கதைகளுக்கென மார்வெல் 2024இல் 'எக்கோ' தொடருடன் தொடங்கிய 'ஸ்பாட்லைட்' வரிசையில் இது இடம்பெற்றுள்ளது. ஆகவே, முந்தைய படங்களைப் பார்க்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். டிரெவரின் பழைய கதையை அறிய விரும்புவோருக்கு 'அயர்ன் மேன் 3', 'ஷாங்-சி' (2021) ஆகிய இரு படங்கள் போதும்.