டெவன் நாட்டு மண்சுவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்தில் செம்மண்ணுக்கும் குறைவில்லை, மழைக்கும் குறைவில்லை. அத்தகைய ஈரநிலத்தில், சுடாத பச்சைமண்ணால் எழுப்பிய வீடுகள் நானூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன என்றால் கேட்போர் வியப்பர். அம்மண்சுவருக்கு அங்கு வழங்கும் பெயர் ‘காப்’.

மேல்மண்ணை அகற்றி, அடியிலுள்ள களிப்பான மண்ணை வெட்டி, நீரும் வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதிப்பர். மாடுகளை விட்டு மிதிப்பிப்பதும் உண்டு. பதம் வந்த மண்ணைக் கல்லாலான அடிச்சுவரின்மேல் ஏறத்தாழ இரண்டடி கனத்தில் வாரி வைத்து மிதித்து இறுக்குவர். அச்சுப்பலகை கிடையாது. ஓர் அடுக்கு ஒன்றரை அடியோ இரண்டடியோ உயர்ந்ததும் வேலையை நிறுத்தி, அது காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவர். பிதுங்கிய பக்கங்களைச் செதுக்கிச் சீராக்குவர். நம் சிற்றூர்களில் மண்சுவர் வைத்ததைக் கண்டவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. நல்ல தொப்பியும் நல்ல காலணியும் இருந்தால் அச்சுவர் சாகாது என்பது டெவன் மக்களின் வழக்கு. தொப்பி என்பது கூரை. காலணி என்பது கல் அடிச்சுவர்.

கவிஞரும் கடலோடியுமான சர் வால்டர் ராலே பிறந்த ஹேஸ் பார்ட்டன் இல்லமும் இவ்வகை மண்வீடே. அரசியின் அருளால் செல்வாக்குப் பெற்ற பின்னர், 1584ஆம் ஆண்டில் அவ்வீட்டைத் தமக்கு விற்குமாறு அதன் உரிமையாளருக்கு ராலே மடல் எழுதினார். வீடு கிடைக்கவில்லை. அரண்மனை வாழ்வு கண்டவரும் விரும்பிய அந்த மண்வீடு இன்றும் நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. செங்கல்மீதான வரி 1850இல் நீங்கியது. இருப்புப்பாதைகள் மலிவான செங்கல்லைக் கொணர்ந்தன. மண்வீடு ஏழ்மையின் அடையாளமாயிற்று. எர்னஸ்ட் கிம்சன் 1910இல் தொடங்கிக் கட்டிய ஒரு மண்மாளிகையும், முதல் உலகப்போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில், 1919இல், கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் வெளியிட்ட நூலும் அதனைச் சிறிது நினைவூட்டின, அவ்வளவே.

உண்மையான கேடு பாதுகாப்பின் பெயரால் வந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, மண் உறிஞ்சிய ஈரத்தை வெளியேற விடும். இருபதாம் நூற்றாண்டில் அதனை நீக்கிவிட்டுப் பலர் சிமெண்டு பூசினர். மண் அசையும்போது சிமெண்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றின்வழி புகுந்த மழைநீருக்கு வெளியேற வழியில்லை. வெளிப்பார்வைக்குச் சுவர் புதுப்பொலிவுடன் இருக்க, உள்ளே அடிப்பகுதி மெல்ல மெல்லச் சேறாகும். பிறகு ஒருநாள் திடீரெனச் சரியும். பழி மண்ணின்மேல் விழுந்தது. மண்ணின் இயல்பறிந்த கொத்தர்கள் அதற்குள் அருகிவிட்டமையால் மறுத்துரைக்கவும் ஆளில்லை. ஏட்டில் எழுதாமல் கையிலும் காலிலும் வைத்திருந்த கல்வி அவர்களுடையது.

வேல்ஸ் நாட்டவரான இயான்டோ எவன்ஸ், லிண்டா ஸ்மைலியுடன் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1989இல் காப் குடில் ஒன்றைக் கட்டினார். வீட்டைத் தாமே கட்டிக்கொள்ள விழைந்தோர் பலர் அவர்களிடம் பயின்றனர். டெவனிலும் அதையடுத்த ஆண்டுகளில் தொழில் மீண்டும் தளிர்த்தது. பிளிமத் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2017 முதல் இக்காலக் குளிர்காப்பு விதிகளுக்கேற்ப இரட்டை அடுக்குச் சுவரை உருவாக்கினர்.

பழைய வீடுகளைச் செப்பனிடுவோர் முதலில் சிமெண்டைப் பெயர்த்துச் சுவரை உலரவிடுகின்றனர். சரிந்த மண்ணை வெளியே கொட்டுவதில்லை. அதனையே நனைத்து, புது வைக்கோல் இட்டு மிதித்து, விழுந்த இடத்திலேயே மீண்டும் வைத்துவிடுகின்றனர்.